ஆடியில் ஏசி மெக்கானிக் எங்கே போய்ப் படிப்பது?

ஆடி பிறந்தால் எங்கள் கடை போன் பாதி நாள் சும்மா கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காங்கேயம் வரைக்கும் தகரக் கூரையைத் தூக்கிப் பார்க்கிற சமயத்தில் யார் ஏசி போடப் போகிறார்கள்? வேசகாலத்தில், அதாவது கோடையில், ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணா, குழந்தை தூங்க மாட்டேங்குதுங்க, இப்பவே வாங்க" என்று கூப்பிட்ட அதே வீட்டுக்காரர் இப்போது எதிரில் பார்த்தால் ஒரு சிரிப்போடு போய்விடுகிறார். குறை சொல்லவில்லை. இந்த ஒன்றரை மாதம்தான் எங்கள் தொழிலில் படிக்கிற மாதம், மார்ச்சில் யாரையாவது இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினால் மூன்றாம் நாள் கடையில் வாடிக்கையாளரே இருக்க மாட்டார்.

போன வாரம் கரூரிலிருந்து சொந்தக்காரப் பையன் கூப்பிட்டான். ஐந்து வருடமாகத் தனியாக வேலை எடுத்துச் செய்கிறவன், கை சுத்தமான ஆள். "ஏனுங் மாமா, கம்பெனி டிரெய்னிங் போலாமுங்களா, இல்ல கோயமுத்தூர்ல போர்டு ரிப்பேர் கோர்ஸ் ஒண்ணு இருக்குது, அதுல சேரட்டுமா, இல்ல கவர்மென்ட் சர்ட்டிபிகேட்டாவது வாங்கி வச்சுக்கட்டுமா?" என்று கேட்டான். போனில் பத்து நிமிடம் பேசியும் தீரவில்லை. இதே கேள்வியோடு நிறையப் பேர் இருப்பார்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நான் திருப்பூர் பல்லடம் ரோட்டில் 17 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், என்னோடு இரண்டு டெக்னீஷியன், ஒரு ஹெல்பர். மேலே சொன்ன மூன்றுக்கும் நானோ எங்கள் பசங்களோ போயிருக்கிறோம், ஒன்றில் பணமும் விட்டிருக்கிறோம்.

அவனிடம் நான் முதலில் கேட்டது, "உன் கம்ப்ளைன்ட் நோட்டு எங்கே?" என்று. இல்லை என்றான். எங்கள் கடையில் ஒரு நீள நோட்டு உண்டு, ஒவ்வொரு சர்வீஸ் காலுக்கும் போய் வந்ததும் தேதி, வீடு, என்ன பழுது, என்ன செய்தோம் என்று ஒரு வரி. அதே வீட்டுக்கு அதே பழுதுக்காக மறுபடி போனால் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். இந்த வேசகாலத்தில் சிவப்பு டிக் 23. அதில் 11 "மறுபடி கேஸ் இல்லை". 6 இன்வெர்ட்டர் ஏசியின் எலெக்ட்ரானிக் போர்டு, எர்ரர் கோடு சம்பந்தப்பட்டது. 3 தண்ணி சொட்டுவது. மீதி மூன்றும் எலி ஒயரைக் கடித்தது, ரிமோட் பேட்டரி மாதிரியான சில்லறை. எந்தப் பயிற்சிக்குப் போவது என்பதை நான் இந்த 23 டிக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். எனக்குக் கேஸ்தான் முதல் சீக்கு, போர்டு இரண்டாவது. உங்கள் நோட்டில் தலைகீழாக இருந்தால் உங்கள் முடிவும் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும்.

11 டிக்குக்கு மருந்து எது என்று பார்த்தால், அது பையன் கேட்ட மூன்றிலும் இல்லாத, யாரும் பெரிதாக மதிக்காத ஓர் இரண்டு நாள் வகுப்பு. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் செல், பழைய ஏசிகளில் ஓடுகிற ஆர்-22 மாதிரியான கேஸ்களைப் படிப்படியாக நிறுத்தும் திட்டத்தில் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்கென்று நடத்துவது, ஜெர்மனியின் ஜிஐஇசட் அமைப்பும் இதில் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. கட்டணம் கிடையாது. ஊர் ஊராக பேட்ச் போடுவார்கள். விளம்பரம் பெரிதாக இருக்காது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடமும் மெக்கானிக் சங்கத்து ஆட்களிடமும் சொல்லி வைத்தால்தான் தகவல் வரும். நான் போன அன்று, 12 வருட அனுபவம் இருக்கிறது, இவர்கள் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

வாத்தியார் அரை இஞ்ச் காப்பர் பைப்பில் இரண்டு ஜாயின்ட் பிரேசிங் செய்தார், அதாவது நெருப்பில் ராடை உருக்கி ஒட்டினார். ஒன்று நாம் தினமும் செய்கிற மாதிரி, டார்ச்சைப் பிடித்து ராடை வைத்து ஒரே மூச்சில். இன்னொன்றில் பைப்பின் ஒரு முனையில் நைட்ரஜனை மெதுவாக, கன்னத்தில் வைத்தால் காற்று படுவது லேசாகத் தெரிகிற அளவுக்கு விட்டுக்கொண்டே பற்ற வைத்தார். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான், சொல்லப்போனால் முதல் ஜாயின்ட்தான் பளபளப்பு. அப்புறம் ஹாக்ஸா பிளேடு எடுத்து இரண்டையும் நெட்டுவாக்கில் பிளந்து எங்கள் கையில் கொடுத்தார். நைட்ரஜன் விட்டது உள்ளே புதுக் காசு மாதிரி இருந்தது. விடாதது விறகடுப்புச் சட்டியின் அடிபோல் கருத்துக் கிடந்தது, விரலால் தேய்த்தால் செதிலாக உதிர்ந்தது. அந்தச் செதில் எங்கே போகும்? ஃபில்டருக்கும் கேப்பிலரி என்கிற மெல்லிய குழாய்க்கும்தான், போய் அடைக்கும். ஆறு மாதம் கழித்துக் கூலிங் இல்லை என்று கூப்பிடுவார்கள், நாம் போய் கேஸ் குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு வருவோம். 12 வருடமாக அந்தக் கருப்பை எத்தனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தைரியமில்லை.

வேக்கம், அதாவது கேஸ் ஏற்றும் முன் பைப்புக்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் போட்டு உறிஞ்சி எடுப்பது பற்றிச் சொன்னது அடுத்தது. நம் ஆட்களில் பாதிப்பேர் இன்னும் கேஸை விட்டு ஏரைத் தள்ளிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள், மீதிப்பேர் பம்ப் போட்டு கேஜில் முள் 30 இஞ்சைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள். முள் தொட்டது உண்மைதான், ஆனால் அந்த கேஜுக்கு அதற்குக் கீழே நடப்பது தெரியாது. வேக்கத்தை மைக்ரான் என்ற சின்ன அளவில் அளக்க வேண்டும், அதில் சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். நம்மூர் 30 டிகிரி சூட்டில் பைப்புக்குள் இருக்கிற தண்ணி கொதித்து ஆவியாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 32,000 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும், ஈரம் முழுக்க வெளியேறிவிட்டது என்று நம்ப 500 மைக்ரானுக்கு இறங்கி, பம்பை நிறுத்தின பிறகும் முள் அங்கேயே நிற்க வேண்டும். மைக்ரான் கேஜ் இல்லாமல் இதைப் பார்க்க வழியே இல்லை. நான் வகுப்பு முடிந்த மறுவாரம் ஒன்று வாங்கினேன், விலையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை, அது வேறு.

அந்த வகுப்பில் குறை இல்லையா என்றால் உண்டு. போர்டு பக்கம் ஏறக்குறைய எதுவும் இல்லை. முப்பது பேருக்கு ஒரு டார்ச் என்றால் கையில் பிடித்துப் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். முதல் நாள் காலை முழுக்க ஓசோன் படலம், மான்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஓடும், நிறையப் பேர் டீக்கு நழுவிவிடுவார்கள். அதை மட்டும் நழுவவிடாதீர்கள் என்பேன், ஏனென்றால் பிழைப்புக் கணக்கே அங்கேதான் இருக்கிறது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி நம்மைப் போன்ற நாடுகள் ஆர்-22 வகைக் கேஸ்களை 2025-க்குள் 67.5 சதவீதம் குறைத்திருக்க வேண்டும், 2030-க்கு மேல் பழைய மெஷின் சர்வீஸுக்கென்று துளி மட்டும்தான் மிச்சம். 2016 கிகாலி திருத்தத்தின்படி அடுத்து புது ஏசிகளில் இருக்கிற ஆர்-410ஏ, ஆர்-32 வகையும் குறையத் தொடங்கும், இந்தியாவுக்கு உச்சவரம்பு 2028-இல். ஆக, ஆர்-22 மட்டும் தெரிந்த மெக்கானிக்குக்கு இன்னும் எத்தனை ஆடி மிச்சம் என்று அந்தக் காலை வகுப்பிலேயே தெரிந்துவிடும்.

கேஸ் மாறினால் என்ன, கேஜ் அதே கேஜ்தானே என்று நானும் நினைத்தவன்தான். அவிநாசியில் ஒரு வீடு, ஆர்-410ஏ மெஷின், எனக்கு அது புதுசு. ஆர்-22-இல் சக்ஷன் பக்கப் பிரஷர் 60, 65 பிஎஸ்ஐ பார்த்துப் பழகிய கண்ணுக்கு கேஜ் 120 காட்டியதும் யாரோ ஓவர் சார்ஜ் செய்துவிட்டார்கள் என்று நினைத்து 60-க்கு வருகிற வரைக்கும் கேஸை வெளியில் விட்டேன். கூலிங் மொத்தமாகப் போனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கெடுத்துவிட்டு அந்த வீட்டம்மா கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். நிறுத்தி வைத்த மெஷினில் 25 டிகிரியில் ஆர்-22 ஏறத்தாழ 137 பிஎஸ்ஐ காட்டினால் ஆர்-32 230 வரைக்கும் காட்டும், 410ஏ-வும் அதை ஒட்டித்தான். போதாததற்கு 410ஏ இரண்டு கேஸ் பாதிக்குப் பாதி கலந்த கலவை, சிலிண்டரைக் கவிழ்த்து லிக்விடாக ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸர் வேகம் கூடிக் குறைவதால் பிரஷரைப் பார்த்து கேஸ் அடிப்பதே வீண், தராசில் சிலிண்டரை வைத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு ஏற்ற வேண்டும். இவ்வளவையும் அந்த ஓசி வகுப்பில்தான் கற்றேன்.

சரி, கம்பெனி டிரெய்னிங். அவனவன் பிராண்டு டீலர்களையும் சர்வீஸ் பிராஞ்சைஸிகளையும் கூப்பிட்டு கோவையில் ஏதாவது ஓட்டல் ஹாலில் வைப்பார்கள். ஒரு நாள்தான், சாப்பாடு நன்றாக இருக்கும், ஒரு பை தருவார்கள். காலை முழுக்க வைஃபை, புது மாடலின் நிறம், போன வருடத்தை விட எத்தனை சதவீதம் அதிகம் விற்க வேண்டும் என்பது போன்ற பேச்சு. மெக்கானிக்குக்கு வேண்டியது மத்தியானம் மூன்று மணிக்கு மேல், விற்பனை ஆட்கள் கிளம்பிப் போன பிறகுதான் வரும். அந்த இரண்டு மணி நேரம் வேறு எங்கேயும் கிடைக்காது. எந்த எர்ரர் கோடுக்கு எந்த வரிசையில் சோதிக்க வேண்டும், எல்ஈடி எத்தனை முறை மினுக்கினால் என்ன அர்த்தம், டெஸ்ட் ரன் மோடுக்கு ரிமோட்டில் எதை அமுக்க வேண்டும், சென்சாருக்கு எந்த டிகிரியில் எத்தனை ஓம்ஸ் என்ற அட்டவணை. அந்த அட்டவணை ஒரு தாள்தான், ஆனால் அது கையில் இருந்தால் ஒரு போர்டு விலை மிச்சம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் டெக்னீஷியன்களில் சின்னப் பையன் பல்லடத்தில் ஒரு வீட்டில் எர்ரர் கோடைப் பார்த்துவிட்டு அவுட்டோர் போர்டுதான் போச்சு என்று 7,500 ரூபாய்க்குப் புது போர்டு போட்டுவிட்டு வந்தான். மறுநாள் அதே கோடு. நான் போய்ப் பார்த்தால் கம்ப்ரஸர் டிஸ்சார்ஜ் பைப்பில் இருக்கிற சென்சார், ஐம்பது ரூபாய் சமாச்சாரம். கழற்றி மல்டிமீட்டரில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் வாங்கித் தம்ளர் தண்ணியில் போட்டு முக்கினேன். நல்ல சென்சார் என்றால் குளிரில் ஓம்ஸ் ஏற வேண்டும், 25 டிகிரியில் 10 கிலோ ஓம்ஸ் காட்டுகிற வகை ஐஸ் தண்ணியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காட்டும். இது அசையவே இல்லை. அந்த 7,500-ஐ வீட்டுக்காரரிடம் வாங்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கம்பெனியின் கோடு வரிசைத் தாள் பையன் கையில் இருந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது, முதல் சோதனையே சென்சார்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் கம்பெனி பாடம் சீக்கிரம் பழசாகிவிடும். 2018-இல் இன்வெர்ட்டருக்கும் சேர்த்து ஐசீர் என்ற மின்சாரச் சிக்கனக் கணக்கில் ஸ்டார் கட்டாயமானது, 2022 ஜூலையில் அட்டவணை இறுகி ஐந்து ஸ்டார் மெஷின் நான்கு ஸ்டாராக இறங்கியது, ஒவ்வொரு முறையும் உள்ளே போர்டு, காயில், ஃபேன் மோட்டார் எல்லாம் மாறிவிடுகிறது. போன வருடம் கற்ற கோடு இந்த வருட மாடலில் வேறு அர்த்தம் சொன்னாலும் ஆச்சரியமில்லை. இன்னொன்று, டீலரோடு பழக்கம் இல்லாத தனி மெக்கானிக்கை உள்ளே விடுவதில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நீங்கள் இன்ஸ்டலேஷன் எடுத்துச் செய்கிற ஷோரூம்காரரிடம் "அண்ணா, அடுத்த டிரெய்னிங்குக்கு நம்ம பேரையும் போட்டு விடுங்க" என்று சொல்லி வையுங்கள், அவர் ஆட்களே பாதிப்பேர் போக மாட்டார்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கும். கம்ப்ரஸர், வால்வு, கன்ட்ரோல் செய்கிற கம்பெனிகள் இந்த விஷயத்தில் தாராளம். டான்ஃபாஸ் இலவசமாக ஆன்லைன் பாடம் வைத்திருக்கிறது, அவர்களுடைய ரெஃப் டூல்ஸ் என்ற செயலியில் எந்த கேஸுக்கு எந்த டிகிரியில் எவ்வளவு பிரஷர் என்று விரலால் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம், எங்கள் மூன்று பேர் போனிலும் இருக்கிறது. பாடம் இங்கிலீஷ், அதுதான் ஒரே தடை.

இப்போது கரூர்ப் பையன் ஆசைப்படுகிற போர்டு கோர்ஸ். இதில்தான் நாங்கள் பணம் விட்டது, அதனால் கொஞ்சம் கசப்போடு எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பெரிய பையனை ஒரு தனியார் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தேன், 15 நாள், 18,000 ரூபாய், தினமும் திருப்பூரிலிருந்து பஸ். "இன்வெர்ட்டர் பிசிபி ஸ்பெஷலிஸ்ட்" என்று கெட்டி அட்டையில் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் சால்டரிங்கில் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 25 பேருக்கு நான்கு சால்டரிங் அயர்ன், பழகக் கொடுத்த போர்டுகளில் முக்கால்வாசி பழைய சாதா ஸ்பிளிட் ஏசியின் இன்டோர் போர்டு. ஓடுகிற இன்வெர்ட்டர் அவுட்டோர் ஒன்றுகூட அந்த ஹாலில் இல்லை. கரன்ட்டை நிறுத்தின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டிசி நிற்கும், அதை இறக்கிவிட்டு மீட்டர் வைத்து ஜீரோ ஆனதைப் பார்த்த பிறகுதான் கையை வைக்க வேண்டும் என்பதை பையன் அங்கே கற்கவில்லை, மொட்டை மாடியில் ஷாக் வாங்கித்தான் கற்றான். நல்லவேளை, ஸ்குரூடிரைவர் முனை கருகியதோடு போயிற்று.

அதற்காகப் போர்டு கோர்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. 6 டிக் இருக்கிறதே. சேருவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள், விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஓடுகிற இன்வெர்ட்டர் மெஷின் இருக்கிறதா, உங்கள் ஊரில் அதிகம் விற்கிற இரண்டு பிராண்டு போர்டாவது மேசையில் இருக்கிறதா, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், கெட்டுப்போன போர்டை நீங்களே கொண்டு வந்தால் அதை வைத்துச் சொல்லித் தருவார்களா. கடைசிக் கேள்விக்குச் சரி என்று சொன்ன ஒரு ஆளிடம் போன வருடம் நான்கே நாள், நாள் கணக்கில் காசு கொடுத்து அதே பையனை அனுப்பினேன். வாசலில் பெயர்ப் பலகைகூட இல்லாத மாடி அறை. கம்ப்ரஸரின் மூன்று முனையையும் இரண்டிரண்டாக அளந்து மூன்றும் ஒரே ஓம்ஸ் காட்டினால் கம்ப்ரஸர் காயில் மேல் சந்தேகப்படாதே, அடுத்து கம்ப்ரஸருக்குக் கரன்ட் கொடுக்கிற ஐபிஎம் என்ற பவர் மாட்யூலைப் பார் என்கிற மாதிரி வரிசையாகச் சொல்லித் தந்திருக்கிறார். பதினைந்து நாள் 18,000-ஐ விட அந்த நான்கு நாள் எங்களுக்கு உதவியது.

சர்ட்டிபிகேட் பற்றி. முறையாகப் படிக்காமல் வேலையில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஆர்பிஎல் என்ற ஏற்பாடு பிரதமரின் கவுஷல் விகாஸ் திட்டத்தில் உண்டு. ஏசிக்கு எலெக்ட்ரானிக்ஸ் துறைத் திறன் கவுன்சிலின் "ஃபீல்டு டெக்னீஷியன் ஏர் கண்டிஷனர்" என்ற பிரிவு. 2019-இல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுப்பதைக் குறியாக வைத்தது, அதன் தொடர்ச்சியாகவும் நிறையப் பேர் எடுத்தார்கள். இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், அது தெரிந்ததற்கு முத்திரை குத்துகிற இடம், புதிதாகக் கற்கிற இடம் இல்லை. கொஞ்சம் அறிமுக வகுப்பு, அப்புறம் சோதனை, அவ்வளவுதான். துபாய், கத்தார் போகிற எண்ணமிருந்தால், ஆஸ்பத்திரி, காலேஜ் மாதிரி இடங்களில் வருடாந்திர ஒப்பந்தம் எடுப்பதாக இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். வீட்டு வேலையில் இதுவரை ஒரு வாடிக்கையாளர்கூட எங்களிடம் சர்ட்டிபிகேட் கேட்டதில்லை. "பக்கத்து வீட்டுக்குப் போட்டீங்களே, அது நல்லா ஓடுதுங்களா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஐடிஐயின் இரண்டு வருட ரெஃப்ரிஜரேஷன் படிப்பு பத்தாவது முடித்த பையனுக்கு இன்றைக்கும் நல்ல அடித்தளம். குடும்பம் வைத்திருக்கிற ஆளுக்கு அது ஆகாது. ஆனால் அந்தப் படிப்புக்காக சென்னை கிண்டியில் இருக்கிற நிமி நிறுவனம் போடுகிற பாடப் புத்தகத்தை வாங்கிக் கடையில் வையுங்கள். எங்கள் ஹெல்பர் பொடுசு பொழுதோட அதைப் புரட்டிக்கொண்டிருக்கிறான், சூப்பர் ஹீட் என்றால் என்ன என்று போன மாதம் என்னிடமே கேள்வி கேட்டான். நான் டீ வாங்கி வரச் சொல்லித் தப்பித்தேன்.

யூடியூப் எல்லோரும் பார்க்கிறோம். நானும் அவுட்டோர் முன்னால் குந்தி உட்கார்ந்து எர்ரர் கோடைத் தேடியிருக்கிறேன், இனியும் தேடுவேன். தெரிந்த வேலையை ஞாபகப்படுத்திக்கொள்ள அதற்கு நிகரில்லை. தெரியாத வேலையை அதில் கற்பதுதான் வம்பு, ஏனென்றால் சொல்கிற ஆள் செய்வது சரியா தப்பா என்று பிரித்துப் பார்க்கவே நமக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீடியோவில் ஆர்-22 மெஷினில் ஆர்-290 என்ற ஹைட்ரோகார்பன் கேஸை அடித்து "செலவு பாதி, கூலிங் சூப்பர்" என்று காட்டினார் ஒருவர். கூலிங் வரும், நான் மறுக்கவில்லை. ஆர்-290 என்பது புரொப்பேன், நம் சமையல் கேஸ் வகையறா, காற்றில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கலந்தாலே பற்றிக்கொள்ளும், ஆர்-32 பற்ற ஏறத்தாழ 14 சதவீதம் வேண்டும். கோத்ரெஜ் 2012-லேயே ஆர்-290 ஏசி கொண்டு வந்தார்கள், ஆனால் அது அதற்கென்றே வடிவமைத்து, கேஸ் அளவைக் குறைத்து, மின்பொறி வராத மாதிரி செய்த மெஷின். பழைய ஆர்-22 மெஷினுக்குள் அதை அடைத்துவிட்டு, உள்ளே ரிலே டப்பென்று பொறி விட்டால் அந்த வீடியோக்காரர் வந்து நிற்க மாட்டார்.

வீட்டு ஏசியைத் தாண்டி மில் வேலை, ஓட்டல் வேலை பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடுமலை, பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும், அதனால் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓட்டுகிற ஆளுக்கு எப்போதும் கிராக்கி. அதற்கு வேண்டியது ஈரக் குமிழ், உலர் குமிழ் என்கிற இரண்டு தெர்மாமீட்டர் அளவும் காற்றுக் கணக்கும். இஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்துக்குக் கோவையில் கிளை இருக்கிறது, அவர்கள் கூட்டங்களில் இதெல்லாம் பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ், டிப்ளமோ படித்தவர் என்றால் தாராளமாகப் போகலாம். வால்பாறை, ஊட்டி ரிசார்ட்டுகளில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் கூடிக்கொண்டே வருகிறது. ஏசியைத் திருப்பி வைத்த மாதிரிதான், கேஸ் ஓட்டத்தைத் திருப்புகிற ஃபோர் வே வால்வும் காயிலில் படிகிற உறைபனியைக் கரைக்கிற டீஃப்ராஸ்ட்டும் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தண்ணி பக்கத்தை, அதாவது உப்புப் படிவதையும் பம்ப் ஓட்டத்தையும், கம்பெனி டிரெய்னிங்கில்தான் ஒழுங்காகச் சொல்கிறார்கள். இந்த வேலைக்கு மட்டும் கம்பெனியை முதலில் வைப்பேன்.

கரூர்ப் பையனுக்குக் கடைசியில் சொன்னது இதுதான். கரூர் பரமத்தி வெயில் தமிழ்நாட்டிலேயே பேர் போனது, அங்கே ஏப்ரலில் தினமும் எட்டு சர்வீஸ் கால் வரும், நோட்டு எழுத நேரமிருக்காது. அதனால் போனில் கூகுள்பே வரவுகளைப் பின்னால் போய்ப் பார்த்து, ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போனதையெல்லாம் இப்போதே உட்கார்ந்து எழுதிக்கொள் என்றேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். "மாமா, பதினாலு இருக்குதுங். ஒம்பது ஃபிளேர் நட்டுல லீக்குங்." பைப் முனையை விரித்து நட்டுப் போட்டு இறுக்குகிற இடம் அது. போர்டு எத்தனை என்றேன். "ஒண்ணுங்." போர்டு கோர்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் ஃபிளேரிங் டூல் நல்லதாக ஒன்று, நட்டை அளவாக இறுக்குகிற டார்க் ரெஞ்ச், நைட்ரஜன் ரெகுலேட்டர் வாங்கச் சொன்னேன். அரை மனதோடு சரி என்றான், கெட்டி அட்டை சர்ட்டிபிகேட் கடைக் கண்ணாடியில் மாட்டினால் நன்றாக இருக்கும் என்ற ஆசை இன்னும் போகவில்லை போல.

எங்கள் கடையில் இந்த ஆடிக்கு இப்படிப் பிரித்திருக்கிறோம். பெரிய பையன் மறுபடியும் அந்த மாடி அறை ஆளிடம் மூன்று நாள், கெட்டுப்போன போர்டு ஐந்தைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். சின்னவன் ஷோரூம்காரர் பெயர் போட்டுவிட்ட கம்பெனி டிரெய்னிங்குக்கு, மூன்று மணிக்கு மேல் தூங்கக் கூடாது என்ற கண்டிஷனோடு. ஹெல்பருக்கு நான் நைட்ரஜன் விட்டு பிரேசிங் பழக்குகிறேன், பழைய பைப் வெட்டிப் பிளந்து பார்க்க ஹாக்ஸா பிளேடு ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன், இதுவரை ஏழு ஜாயின்ட்டில் இரண்டு உள்ளே சுத்தமாக வந்திருக்கிறது.